கிளாட் இரண்டாம் முறை: 53-லிருந்து 86.5

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கிளாட். முதல் முறை எழுதியது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது. 120 கேள்வி, 120 நிமிடம். 118 கேள்விக்கு வட்டத்தை நிரப்பிவிட்டு, "எல்லாம் எழுதிட்டேன்ப்பா" என்று பெருமையாக வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் 66 சரி, 52 தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போய்விடும். மிஞ்சியது 53.

யாரும் திட்டவில்லை. மாமா மட்டும், "நம்ம ஊர்ல பிளஸ் டூ மார்க்கை வச்சே லா காலேஜ் கிடைக்குது, இது எதுக்கு?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடப் படிப்புக்கு மார்க் போதும். எனக்குத்தான் தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆசை. ஒரு வருஷம் கெஞ்சி வாங்கினேன்.

அதில் முதல் நான்கு மாதம் தண்டம். கோச்சிங் சென்டரில் (பெயர் வேண்டாம்) கொடுத்த புத்தகங்களை அடுக்கினால் அம்மாவின் தையல் மெஷின் உயரம் வரும். ஒப்பந்தச் சட்டம், குற்றவியல், அரசமைப்பு என்று பிரிவு பிரிவாக உருப்போட்டேன், தினமும் பத்து மணி நேரம். மாதிரித் தேர்வில் 57, 55, 59.

அப்போதுதான் ஒரு கேள்வியில் மாட்டினேன். பத்தியில் இருந்த விதி இது: பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல், தவறுதலாக நுழைந்தாலும் அத்துமீறல்தான். அப்புறம் கதை. புதுவீட்டுக்குக் குடிவந்த ஒருவர் ராத்திரி இருட்டில், தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் வண்டியை நிறுத்துகிறார். இது அத்துமீறலா? 'இல்லை, கெட்ட எண்ணம் கிடையாது' என்று போட்டேன். தப்பு. நம்ப முடியாமல் கடையில் பருப்பு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம், தெரியாமத்தானே விட்டான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பஞ்சாயத்து பேசியிருக்கிறோம். அந்த விதிப்படி என்ன என்பதுதான் கேள்வி. அதைவிட வேடிக்கை, குற்றவியலில் நான் உருப்போட்ட 'உள்நோக்கம்' வந்துதான் கண்ணை மறைத்தது. 2020 தேர்விலிருந்தே பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் முறைதான். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதை நான் படித்திருந்தால்தானே!

அன்று ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். எட்டு மாதிரித் தேர்வுகளின் தப்புகளைத் தோண்டி, ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பானது என்று ஒரு வரி. மொத்தம் 371. தெரியாமல் விட்டது 94, பெரும்பாலும் நடப்பு நிகழ்வுகள். சரியாகப் படிக்காமல் விட்டது 131. 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்', 'எக்ஸெப்ட்' மூன்றும் என் பரம எதிரிகள். மீதி 146, இரண்டு விடையில் எது என்று இழுத்து, கடைசியில் மாற்றிப் போட்டவை. ஆக, 'தெரியாதது' கால்வாசிதான். அந்தக் கால்வாசிக்காகத்தான் பத்து மணி நேரமும்!

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டே தேர்வு, மதியம் 2 முதல் 4 வரை. நிஜத் தேர்வும் அதே நேரம்தான். தயிர்சாதம் சாப்பிட்டால் இரண்டரைக்குக் கண் சொருகும் என்பதையே அப்படித்தான் கண்டுபிடித்தேன். மற்ற நாட்களில் நோட்டு. 'இரண்டில் எது' வகைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: விடையை மாற்ற வேண்டுமென்றால் பத்தியில் அதற்கான வரியை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். வரி கிடைக்காவிட்டால் மாற்றக் கூடாது. படிப்பு நேரம் ஐந்து மணியாகக் குறைந்தது. வீட்டில் பயந்துவிட்டார்கள்.

அடுத்த டிசம்பரில் 109 கேள்விதான் தொட்டேன். 91 சரி, 18 தப்பு, 86.5. இப்போது திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று: குருட்டடி அடிக்காதீர்கள், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

*

ஈரோடு, கணக்கு டீச்சர்:

தங்கச்சி, கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு விடையில் ஒன்று சரி. 16 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக 4 சரி, 12 தப்பு. நான்கு மார்க் வரும், மூன்று போகும். நஷ்டம் இல்லையே! ஒரு விடையை மட்டும் ஒதுக்க முடிந்தால்கூட லாபம் கூடும். உன்னைக் கவிழ்த்தது அடித்தது இல்லை, அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து யோசித்த இரண்டு நிமிடம். என் பையன் விஷயத்திலும் அதைத்தான் பார்த்தேன்.

*

தென்காசிப் பக்கம், தமிழ் மீடியம்:

அக்கா, எனக்குப் பிரச்சினையே வேறு. ஒரு பத்தி இங்கிலீஷில் 450 சொல் வரை இருக்கிறது. கணக்கைத் தவிர மற்ற எல்லாமே அப்படித்தான். எனக்கு ஒரு பத்திக்கு ஐந்து நிமிடம் ஆகும், கேள்விக்கு எப்போது போவது? முதல் இரண்டு மாதம் மாதிரித் தேர்வே எழுதவில்லை. தினமும் நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் இரண்டு. படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று தமிழில் இரண்டு வரி எழுதுவேன். முதல் வாரம் எழுதியதை இப்போது பார்த்தால் தலையங்கம் ஒன்று, நான் எழுதியது வேறொன்று. 31-லிருந்து 64 வந்தேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகம் எதுவும் கிடைக்கவில்லை. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். இங்கே தீர்ப்புகளைப் படிக்கும்போது அந்த இரண்டு வரிப் பழக்கம் இன்னும் கூடவே வருகிறது.

*

சென்னை, மூன்று முறை எழுதியவள்:

படிப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 41-ஆம் கேள்வியை விட்டேன். 42-க்கான விடையை 41-க்கான இடத்தில் நிரப்பிவிட்டேன். 67 வரை அப்படியே போனது. பால் பாயிண்ட் பேனா, அழிக்க வழியில்லை. பக்கத்து பெஞ்சுப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு 'ஐயோ' என்றேன். அடுத்த முறையிலிருந்து ஒரு பத்தி முடிந்ததும் அதற்கான வட்டங்களை மொத்தமாக நிரப்புவேன். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு.

*

முதலில் எழுதியவள்:

டீச்சர், நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் விட்ட 11 கேள்விக்கும் கண்ணை மூடி அடித்திருந்தால், சராசரியாக முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கும். அப்பாவிடம் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே, "சில்லறையை வாங்காம வந்துட்டியே" என்றார்.