கம்போஸில் ஏபிஐ முகவரியை மாற்றியும் பக்கத்தில் பழையதே வருகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ரியாக்ட் ஆப்பை வீட் (பில்ட் கருவி) கொண்டு பில்ட் செய்து, டாக்கரில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) இமேஜில் ஓட்டுகிறேன். கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஃபைல்) என்விரான்மென்ட் பகுதியில் 'வீட்_ஏபிஐ_யூஆர்எல்' மதிப்பை மாற்றினேன். கன்டெய்னருக்குள் 'பிரின்ட்என்வ்' (மாறிகளைக் காட்டும் கட்டளை) அடித்தால் புது முகவரி வருகிறது. பிரவுசரிலோ பழைய முகவரிக்கே ரிக்வெஸ்ட் போகிறது. கேஷையும் அழித்துப் பார்த்துவிட்டேன்.

பதில் 1:
கேஷ் மேல் பழி இல்லை. 'வீட்_' என்று தொடங்கும் மாறிகளின் மதிப்பை வீட் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் எழுதிவிடும். என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது; கன்டெய்னரின் மாறியை அங்கே யாரும் படிப்பதில்லை. 'யூஎஸ்ஆர்/ஷேர்/என்ஜின்எக்ஸ்/ஹெச்டிஎம்எல்' ஃபோல்டரில் பழைய முகவரியை கிரெப் செய்து (ஃபைல்களுக்குள் தேடி) பாருங்கள், கிடைக்கும்.

கம்போஸில் 'பில்ட்' என்பதன் கீழ் 'ஆர்க்ஸ்' போட்டு மதிப்பைக் கொடுங்கள், டாக்கர்ஃபைலில் (இமேஜை உருவாக்கும் படிகள் உள்ள ஃபைல்) அதே பெயரில் ஒரு ஆர்க் வரி (பில்ட் நேரத்தில் மதிப்பை வாங்கும் வரி). பிறகு 'டாக்கர் கம்போஸ் அப் -டி --பில்ட்'. வெறும் ரீஸ்டார்ட் பழைய கன்டெய்னரையே எழுப்பும்.

கேட்டவர்:
பழைய டாட் என்வ் ஃபைலை (மாறிகளின் மதிப்பு எழுதியிருந்த ஃபைல்) எடுத்துவிட்டு இப்படிச் செய்தேன். இப்போது 'அன்டிஃபைன்ட்' என்று வருகிறது. ஆர்க் வரி ஃபைலின் முதல் வரியிலேயே இருக்கிறதே?

பதில் 2:
முதல் வரியில் இருப்பதுதான் சிக்கல். ஃப்ரம் வரிதான் ஒவ்வொரு ஸ்டேஜையும் (பில்டின் ஒரு கட்டம்) தொடங்குகிறது. அதற்கு மேலே எழுதிய ஆர்க், ஃப்ரம் வரிகளுக்கு மட்டுமே தெரியும், ஸ்டேஜுக்குள் இறங்காது. நோட் ஸ்டேஜின் ஃப்ரமுக்குக் கீழே எழுதுங்கள். இடமும் முக்கியம்: பேக்கேஜ்களை இறக்கும் 'என்பிஎம் சிஐ' வரிக்குப் பின், 'என்பிஎம் ரன் பில்ட்' வரிக்கு முன். அதற்கும் மேலே வைத்தால் முகவரி மாறும்போதெல்லாம் கீழே உள்ள ரன் வரிகளின் கேஷ் உடைந்து, பேக்கேஜ்கள் முழுவதும் மறுபடி இறங்கும்.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி. ஸ்டேஜிங், புரொடக்ஷன் இரண்டுக்கும் தனித்தனி இமேஜ் வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம், ஸ்டேஜிங்கில் சோதித்த இமேஜே புரொடக்ஷனுக்கும் போவதுதான் நல்லது. அதிகாரபூர்வ என்ஜின்எக்ஸ் இமேஜ், 'டாக்கர்-என்ட்ரிபாயின்ட்.டி' ஃபோல்டரில் உள்ள ஷெல் ஸ்கிரிப்ட்களைத் தொடங்கும்போது ஓட்டும் (ஓட்டும் அனுமதி தரும் சிமாட் +எக்ஸ் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடும்). அதில் என்வ்சப்ஸ்ட் (கன்டெய்னரின் மாறிகளின் மதிப்பை ஃபைலில் நிரப்பும் கட்டளை) கொண்டு, முகவரி உள்ள 'கான்ஃபிக்.ஜேஎஸ்' எழுதவையுங்கள். இன்டெக்ஸ் பக்கத்தில் மெயின் பண்டிலுக்கு முன்னால் அதை ஏற்றி, பிரவுசர் அதைச் சேமிக்காதபடி 'நோ-ஸ்டோர்' ஹெடரும் கொடுங்கள்.

பதில் 1:
என்பிஎம் டோக்கன் போன்ற ரகசியத்தை மட்டும் ஆர்க்கில் கொடுக்காதீர்கள். இமேஜின் படிகளைக் காட்டும் டாக்கர் ஹிஸ்டரியில் தெரிந்துவிடும். ரன் வரியில் 'மவுன்ட் டைப் சீக்ரெட்' பயன்படுத்தினால் அந்த ஒரு கட்டளை ஓடும்வரை 'ரன்/சீக்ரெட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும், இமேஜின் லேயரில் (ஒவ்வொரு படியும் சேமிக்கும் அடுக்கு) தங்காது. 'வீட்_' மாறியில் வைப்பது இன்னும் மோசம்: பக்கத்தைத் திறப்பவர் எல்லோரும் படிக்கலாம்.