‘அவுஃப்ஹேபன்’: ‘மறுத்தெடுத்தல்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இயங்கியல் பொருள்முதல்வாத நூல்களை, அதாவது பொருளே முதன்மை, அது உள்முரண்களால் மாறிக்கொண்டே இருக்கிறது என்னும் மார்க்சிய மெய்யியல் நூல்களைத் தமிழாக்கும்போது, ஒன்றை நீக்கும்போதே அதில் தக்கதைக் காத்து உயர்த்துவதைக் குறிக்கும் ‘அவுஃப்ஹேபன்’ என்னும் ஜெர்மன் வினைக்கு ஓரிடத்தில் ‘ஒழித்தல்’, இன்னோரிடத்தில் ‘நீக்குதல்’, வேறோரிடத்தில் ‘விஞ்சுதல்’ என்று போட வேண்டியிருக்கிறதே, ஒரே சொல் கிடைக்காதா என்று சென்ற வாரம் இங்கே ஒரு நண்பர் கேட்டிருந்தார். மறுமொழியாக வந்தவற்றுள் ‘கடத்தல்’ என்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்; நாளிதழ் படிக்கிற எவருக்கும் அது விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கத்தைத்தான் நினைவூட்டும். ‘உள்ளடக்கி விஞ்சுதல்’ பொருளளவில் பிழையற்றது, ஆயினும் அது விளக்கமே தவிரச் சொல் அன்று. ‘உள்ளடக்கி விஞ்சப்பட்ட’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தாலே அதன் பாரம் தெரிந்துவிடும்.

சொல்லின் சிக்கல் ஜெர்மன் மெய்யியலாளர் ஹேகலிடமிருந்தே தொடங்குகிறது. 1812 முதல் 1816 வரை வெளிவந்த தருக்க அறிவியல் நூலில் அவர் இச்சொல்லுக்கென்றே ஒரு தனிக்குறிப்பு எழுதினார். பாதுகாத்து வைப்பது, முடிவுக்குக் கொண்டுவருவது என்னும் எதிரெதிரான இரு பொருளையும் ஒரே வினை தாங்கியிருப்பது சிந்தனைக்கு மகிழ்ச்சி தருவதாக அதில் சொல்கிறார். அது மேசையில் உட்கார்ந்து செய்த சொல் அன்று. பாத்திரத்தைத் தூக்குவதற்கும், பணத்தைப் பத்திரப்படுத்துவதற்கும், சட்டத்தை நீக்குவதற்கும் ஜெர்மானியர் நாள்தோறும் பேசுகிற சொல்.

மார்க்சிய மெய்யியலில் இது ஏன் ஓரத்துச் சொல் அன்று என்பதற்கு மார்க்சின் தோழர் எங்கெல்ஸே சான்று. 1878இல் நூலாக வந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில், பழைய மெய்யியல் வடிவத்தில் வெல்லப்பட்டது, உள்ளடக்கத்தில் காக்கப்பட்டது என்று இவ்வினையைப் பிரித்தே காட்டுகிறார். ஜெர்மன் பொருள்முதல்வாதி ஃபாயர்பாக் ஹேகலைத் தூக்கி எறிந்தாரே ஒழிய இப்பொருளில் ‘அவுஃப்ஹேபன்’ செய்யவில்லை என்பது 1886இல் எங்கெல்ஸ் வைத்த குறை. ஆகவே மார்க்சியம், கருத்தே முதன்மை என்னும் ஹேகலின் கருத்துமுதல்வாதத்தை விட்டு இயங்கியலைக் கொண்டதும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள்முதல்வாதத்தின் இயந்திரப் பாங்கை விட்டுப் பொருளின் முதன்மையைக் கொண்டதும் இந்த ஒரே செயலின் இரு முகங்கள்.

‘ஒழித்தல்’ எங்கே தடுக்கி விழுகிறது என்பதை மார்க்சின் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் பாகத்தில் காணலாம். கூட்டுப்பங்கு நிறுவனங்களைப் பற்றிப் பேசும் மார்க்ஸ், முதலாளித்துவ உற்பத்தி முறையின் எல்லைக்குள்ளேயே தனிச்சொத்து என்ற நிலையில் மூலதனம் அடையும் ‘அவுஃப்ஹேபுங்’ (அதே வினையின் பெயர் வடிவம்) என்று அவற்றைக் குறிப்பிடுகிறார். இங்கே ‘ஒழிப்பு’ என்று போட்டால், மூலதனம் ஒழிந்துவிட்டது, ஆனால் முதலாளித்துவம் இருக்கிறது என்று படித்துவிட்டு வாசகர் அச்சுப்பிழையோ என்று ஐயுறுவார். தனி முதலாளியின் உடைமை என்ற வடிவம் போயிற்று, மூலதனமோ இன்னும் பெரிதாய்த் திரண்டு நிற்கிறது என்பதல்லவா அங்கே செய்தி!

எனக்கு விடை கிடைத்தது அகராதியில் அன்று. எங்கள் ஊர் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டியபோது கொத்தனார் முதல் நாள் சொன்னது இது: “மொதல்ல ஓட்டை எடுத்துடணும். நெலையப் பத்திரமா எடுத்து வச்சுக்குங்க. அப்புறம் புதுச் செவுரு எடுத்துடலாம்.” ஓட்டை எடுப்பது நீக்குவது; கதவு நிலையை எடுத்து வைப்பது காப்பது; சுவர் எடுப்பது உயர எழுப்புவது. ஜெர்மன் வினையில் ஹேகல் கண்டு மகிழ்ந்த இரு பொருளும், அதன் வேர்ப்பொருளான தூக்குதலும் நம் ‘எடு’ என்ற வினையில் கொத்தனார் வாயிலேயே இருக்கின்றன. களை எடுக்கிறோம், விதைக்கு நெல் எடுத்து வைக்கிறோம், பிள்ளையை வளர்த்தெடுக்கிறோம்.

ஆனால் ‘எடுத்தல்’ என்று மட்டும் எழுதினால் கலைச்சொல்லாக நிற்காது. மிகுதியான வேலை செய்கிற வினை அது. மறுப்பு என்ற கூறு வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதால் ‘மறுத்தெடுத்தல்’ என்று முன்மொழிகிறேன். வினை ‘மறுத்தெடு’, பெயர் ‘மறுத்தெடுப்பு’. ‘ஹேகலின் இயங்கியலை மார்க்ஸ் மறுத்தெடுத்தார்’, ‘மறுத்தெடுக்கப்பட்ட கூறு’, ‘தனிச்சொத்து என்ற நிலையில் மூலதனத்தின் மறுத்தெடுப்பு’: மூன்றும் நாக்கில் சிக்கவில்லை. ‘களைந்தெடுத்தல்’ என்று முதலில் நினைத்தேன். அது வேரோடு பிடுங்குவதையே சொல்கிறது, மீதம் எதையும் வைப்பதில்லை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்று மறுக்கப்பட்டு, அம்மறுப்பும் மறுக்கப்பட்டு வளர்ச்சி நிகழ்கிறது என்னும் இயங்கியல் விதிக்கு நம் நூல்களில் நிலைபெற்றுவிட்ட ‘நிலைமறுப்பின் நிலைமறுப்பு’ என்ற தொடரைப் படிக்கிறவர், மறுப்பு என்றால் இல்லாமல் ஆக்குவது என்றே எடுத்துக்கொள்கிறார். எங்கெல்சின் வாற்கோதுமை எடுத்துக்காட்டில் விதை மண்ணில் மறைந்து செடியாகிறது, செடி பட்டுப்போய்ப் பன்மடங்கு மணிகளைத் தருகிறது. அதே மணியை மாவாக அரைத்தாலும் மறுப்புத்தானே என்ற கேள்வியை அவரே எழுப்பி, அரைத்துவிட்டால் இரண்டாம் மறுப்புக்கு வழியில்லாமல் போகிறது என்று விடையும் சொல்கிறார். அரைப்பது வெறும் மறுப்பு, முளைப்பது மறுத்தெடுப்பு என்று இனி ஒரே வரியில் வேறுபடுத்தலாம். 1938இல் ஸ்டாலின் இம்மெய்யியலைப் பற்றி எழுதிய சுருக்கத்தில் நிலைமறுப்பின் நிலைமறுப்பு என்னும் இந்த விதியே இடம்பெறவில்லை. அதை மட்டும் படித்து வளர்ந்த வாசகருக்கு இவ்வேறுபாடு புதிதாகவே இருக்கும்.

எல்லா இடத்திலும் இதையே போட வேண்டும் என்பது என் கருத்தன்று. 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில் வரும் ‘தனிச்சொத்தை ஒழித்தல்’ அப்படியே இருக்கட்டும். அது அறைகூவல், அங்கே அவ்வினை சட்டத்தை நீக்குவது போன்ற நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. அதன் 1888இன் ஆங்கிலப் பெயர்ப்பை எங்கெல்ஸ் தாமே சரிபார்த்தார். அதிலும் ஒழித்தல் என்ற பொருளுடைய சொல்தான் இருக்கிறது. ‘அரசு ஒழிக்கப்படுவதில்லை, உலர்ந்து உதிர்கிறது’ என்று எங்கெல்ஸ் சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பதே வேறு வினை, ஆகவே அதையும் தொட வேண்டியதில்லை.

‘எடுப்பு’ என்ற ஈறு ‘எடுப்பான தோற்றம்’ என்பதை நினைவூட்டாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ‘கணக்கெடுப்பு’, ‘வாக்கெடுப்பு’ ஆகியவற்றில் அந்தத் தொல்லை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் பாகத்தைக் கையில் வைத்திருக்கும் நண்பர்கள் அந்தப் பங்கு நிறுவனப் பத்தியில் இச்சொல்லைப் பொருத்திப் படித்துவிட்டு எழுதுங்கள். எங்காவது உறுத்தினால் அந்த வாக்கியத்தையே இங்கே இடுங்கள்.

அன்புடன்