பனங்கிழங்கு தெரியும், தவுன் எங்கே கிடைக்கும்?

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை):
தெருமுனைத் தள்ளுவண்டி இட்லியையும் விடமாட்டேன், ஈசல் பொரியையும் விடமாட்டேன். பொங்கலுக்குப் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தோம். நார் பல்லில் சிக்கினாலும் அந்த மணத்துக்காகவே தின்னலாம். முளைத்த பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகத் தவுன் இருக்குமாமே? இங்கே எந்தச் சந்தையிலும் காணோம். எங்கே தேடுவது?

பதில் (திருச்செந்தூர்ப் பக்கம்):
தங்கச்சி, சந்தையில் தேடாதே. கிழங்கு தோண்டுகிற தோட்டத்துக்கே போ. கொட்டையை அரிவாளால் இரண்டாகப் பிளந்து கொடுப்பார்கள். பஞ்சு மாதிரி மெத்தென்று, லேசான இனிப்போடு இருக்கும். கிழங்கு முற்றுவதற்குள் எடுத்தால்தான் ருசி. வெட்டியதும் தின்றுவிட வேண்டும்.

பதில் (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் இதைப் பூரான் என்பம். அதோட நிக்காமல் ஒடியல் கூழும் குடிச்சுப் பாருங்கோ தங்கச்சி. பச்சைக் கிழங்கைக் கிழிச்சுக் காயவிட்டால் ஒடியல். அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவிட்டு, மேல்தண்ணியை வடிச்சிட்டுத்தான் கூழில கரைக்க வேணும், இல்லாட்டிக் கைக்கும். மீன், நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, பழப்புளி எல்லாம் போடோணும். நண்டில்லாத கூழ் எனக்குக் கூழே இல்லை. பலாவிலையை மடிச்சுக் கோலிக் குடியுங்கோ.

கேட்டவர்:
அண்ணா, பயித்தங்காய்க்குப் பதிலாக இங்கே கிடைக்கும் காராமணிக்காய் போடலாமா? அக்கா, மாசியிலும் கிழங்கு தோண்டுவார்களா? அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறுகிறேன்.