நுண்ணுயிர்ப் புரதமும் 2 கிராம் கணக்கும்

நெல்லிக்குப்பத்தான்: நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கும் புரதம் மனிதருக்கு நஞ்சு, அதைத் தின்றால் யூரிக் அமிலம் ஏறி மூட்டு முடங்கும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். அவர் சுட்டும் நாளொன்றுக்கு 2 கிராம் என்ற வரம்பு, வளர்ந்தவர் ஒருவர் இத்தகைய உணவிலிருந்து பெறும் நியூக்ளிக் அமிலத்துக்கு, அதாவது உயிரணுக்களில் இருந்து நம் உடலில் சிதைந்து யூரிக் அமிலமாக மாறும் பொருளுக்கு உரியது. புரதத்துக்கும் அன்று, உணவின் எடைக்கும் அன்று. ஆரோவில்லில் வளர்க்கும் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் உலர்தூளில் நியூக்ளிக் அமிலம் சுமார் 5 விழுக்காடு என்பதால், 10 கிராம் சாப்பிட்டாலும் அரை கிராம்தான் சேரும்.

முதுநகர் வலைஞர்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். ஐயா, உங்களுக்கு வசதியான ஸ்பைருலினாவை எடுத்துக்கொண்டு பாக்டீரியாவை விட்டுவிட்டீர்கள். வேகமாகப் பெருகும் பாக்டீரியாவின் உலர் எடையில் நியூக்ளிக் அமிலம் 16 விழுக்காடு வரை இருக்கக்கூடும். பன்னிரண்டரை கிராமிலேயே உங்கள் 2 கிராம் நிரம்பிவிடுகிறது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லை என்பதை ஏன் எழுதவில்லை?

நெல்லிக்குப்பத்தான்: பாக்டீரியாவை அப்படியே மனிதருக்கு ஊட்டச் சொன்னவர் யார்? பிரிட்டனில் 1985 முதல் விற்பனையாகும் குவார்ன் என்ற பூஞ்சைப் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடையானதும் அதைச் சூடேற்றி, பூஞ்சையின் சொந்த நொதிகளாலேயே ஆர்.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலத்தைச் சிதையச் செய்து, 10 விழுக்காடு அளவில் இருப்பதை 2 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குகிறார்கள். அதில் விளைச்சலின் எடையும் கணிசமாகக் கரைந்து போகிறது, அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்கிறார்கள். தீவனத்திலோ இது பெரிய தடையே அன்று. மீனுக்கும் மாட்டுக்கும் அந்த நொதி உண்டு. கோழியோ யூரிக் அமிலத்தையே கழிவாக வெளியேற்றும் பறவை. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியர் ஈஸ்ட் வளர்த்துத் தீவனப் பற்றாக்குறையைச் சமாளித்தார்கள். ஈஸ்ட் செழித்து வளரும் மொலாசஸ் என்ற கழிவுப்பாகு நம் மாவட்டத்துச் சர்க்கரை ஆலைகளிலேயே கிடைக்கும்போது, மத்தி மீனை அரைத்துத் தூளாக்கி இறாலுக்குப் போடுவது எனக்குச் சகிக்கவில்லை.

பாகூர் உழவர்: இருவரும் 2 கிராமிலேயே நிற்கிறீர்கள், விலையை யார் பேசுவது? இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. நிறுவனம் மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து, புரூட்டீன் என்ற பெயரில் தீவனம் தயாரித்தது. சோயாப் புண்ணாக்கின் மலிவோடு போட்டியிட முடியாமல் 1980களிலேயே அது ஓய்ந்தது. மொலாசஸுக்கும் சாராய ஆலைகள் காத்திருக்கின்றன. கரும்புக்கு நிலுவை வாங்கவே அலையும் எங்களிடம் வந்து அது சும்மா கிடக்கும் பொருள் என்று பேசாதீர்கள்.

நெல்லிக்குப்பத்தான்: சும்மா கிடக்கிறது என்று நான் எழுதவே இல்லை. இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றிய விவாதத்திலும் நான் சொல்லாததை என் வாயில் திணித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் போனவர் நீங்கள், நான் மறக்கவில்லை.

முதுநகர் வலைஞர்: உப்புநீர்ச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். மீன்தூள் ஆலைக்குப் போகும் மத்தி எங்கள் படகில் வந்தது. அந்த விலை விழுந்தால் டீசல் கடனைக் கட்டப்போவது நீங்கள் அல்லர். 16 விழுக்காடு என்ற கணக்குக்கும் நீங்கள் இன்னும் நேராகப் பதில் தரவில்லை.

நெல்லிக்குப்பத்தான்: ஆக, உங்களை உறுத்துவது மூட்டுவலி அன்று, மத்தியின் விலை. அதை முதல் நாளே எழுதியிருந்தால் நான் மதித்திருப்பேன். ஒரு வயிற்றுப்பாட்டுக் கவலையை மருத்துவ எச்சரிக்கையாக மாற்றி ஊரை அச்சுறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. சூடேற்றிக் குறைத்த பிறகு 16 எங்கே நிற்கிறது? 2 கிராம் என்பது நியூக்ளிக் அமிலத்தின் அளவு. நூறு முறை கேட்டாலும் இதையே எழுதுவேன்.

முதுநகர் வலைஞர்: சூடேற்றியது பூஞ்சையை, நான் கேட்டது பாக்டீரியாவை. எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.