இயற்கணிதச் சேர்வியல் பேப்பரை எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? இம்பாக்ட் ஃபாக்டர் பார்க்கலாமா, கூடாதா?

குன்றக்குடி ஸ்காலர்:
எல்லோருக்கும் வணக்கம். யங் டேப்லோ (படிப்படியாக அடுக்கிய கட்டங்களில் எண்களை நிரப்பும் அமைப்பு) பற்றிய என் முதல் பேப்பர் முடிந்துவிட்டது. கைடு 'ஜர்னல் ஆஃப் அல்ஜீப்ரயிக் காம்பினேட்டரிக்ஸ்'க்கு அனுப்பச் சொல்கிறார். 1992 முதல் வரும் இதழ், இப்போது ஸ்பிரிங்கர் வெளியீடு. சென்னையில் இருக்கும் சீனியர் அக்கா, 2018இல் தொடங்கிய 'அல்ஜீப்ரயிக் காம்பினேட்டரிக்ஸ்' இதழுக்கு அனுப்பு என்கிறார். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. எங்கள் டாக்டரல் கமிட்டி படிவத்தில் 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வைத்து முடிவு செய்வது சரியா? இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், உங்கள் கருத்து வேண்டும்.

தேவகோட்டை லெக்சரர்:
தங்கச்சி, நேரடியாகச் சொல்கிறேன். பழைய இதழுக்கே அனுப்பு. நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூவில் உட்காரும்போது எதிரே இருக்கும் ஐந்து பேரில் ஒருவர்கூட யங் டேப்லோ தெரிந்தவராக இருக்க மாட்டார். அவர்கள் பார்ப்பது இதழின் பெயர், பதிப்பகம், எண். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016இல் வந்ததிலிருந்து பேப்பர் எண்ணிக்கையும் மேற்கோளும் கல்லூரியின் மதிப்பெண்ணாகவே ஆகிவிட்டன.

எண்ணைத் திட்டுவது சுலபம். ஆனால் எண் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் நடந்தது. சிபாரிசுக் கடிதம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, "இதோ என் பேப்பர், இதோ இதழின் மதிப்பு" என்று மேசையில் வைக்க ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

பள்ளத்தூர் ஐயா:
தம்பி சொல்லும் சிபாரிசுக் கவலை நியாயமானது. அந்தக் காலத்தை நான் பார்த்தவன். ஆனால் அதற்கு மருந்தாக எடுத்த எண் எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஒரு வருடத்தில் இதழுக்குக் கிடைத்த மேற்கோள்களில், அதற்கு முந்தைய இரண்டு வருடப் பேப்பர்களுக்கு வந்ததை மட்டும் எண்ணி, அந்தப் பேப்பர்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் இம்பாக்ட் ஃபாக்டர். ஒரு கணக்குக்கு, இரண்டு வருடத்தில் 150 பேப்பர், அவற்றுக்கு 120 மேற்கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8 வரும். ஒரே ஒரு சர்வே கட்டுரை கூடுதலாக 30 மேற்கோள் கொண்டுவந்தால் 1.0 ஆகிவிடும். மற்ற 149 பேப்பரிலும் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. இந்தத் துறை இதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டர் 1.0ஐ ஒட்டியே நிற்பது. அங்கே தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்கு என்ன பொருள்?

சர்வதேசக் கணித ஒன்றியம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2008இல் மேற்கோள் புள்ளிவிவரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கணிதத்தில் மேற்கோள்களில் சுமார் 90 சதவீதம் இந்த இரண்டு வருட எல்லைக்கு வெளியே விழுகின்றன என்று அதில் இருக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் பார்க்க) போன ஏஜெண்டுக்கே நம் முன்னோர் மூன்று வருடத் தவணை கொடுத்துத்தான் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேற்றத்திடம் இரண்டே வருடத்தில் கணக்குக் கேட்கலாமா?

இதே பழைய இதழிலிருந்து ஓர் உதாரணம். 1994இல் மார்க் ஹைமன் அதில் சில ஊகங்களை வெளியிட்டார். அவற்றில் ஒன்றில் வரும் எண் எளிமையானது. மூன்று கார், வரிசையாக மூன்று இடம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு விருப்ப இடம் உண்டு. அது நிரம்பியிருந்தால் முன்னால் போய் அடுத்த காலி இடத்தில் நிறுத்துவார், பின்னால் வர முடியாது. விருப்பங்களை 27 விதமாக அமைக்கலாம். எல்லோருக்கும் இடம் கிடைப்பது அதில் 16 விதத்தில்தான். மூவரும் இரண்டாவது இடத்தைக் கேட்டால் கடைசி ஆள் தெருவில் நிற்பார். பொதுவாக, கார் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: 4² = 16. இரண்டு தொகுதி மாறிகளைக் கொண்ட ஒரு பல்லுறுப்புக்கோவை வெளியின் பரிமாணமும் இதே எண்தான் என்பது ஊகம். அதை ஹைமனே 2002இல் நிரூபித்தார், அதற்கு இயற்கணித வடிவியல் தேவைப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஷஃபிள் ஊகத்துக்கு கார்ல்சன், மெலிட் இருவரின் நிரூபணம் 2018இல் அச்சானது. 24 வருடப் பயணம். இம்பாக்ட் ஃபாக்டர் அந்தப் பேப்பரைப் பார்த்தது 1995, 1996 இரண்டே வருடம்.

தேவகோட்டை லெக்சரர்:
ஐயா, ஹைமன் பேப்பரைக் காட்டினால் யாரால் மறுக்க முடியும்? ஆனால் அந்த இதழில் வந்த எல்லாமே ஹைமன் பேப்பர் இல்லையே. முப்பது வருடம் யாரும் தொடாமல் கிடப்பவையும் இருக்கும். 'காலம் கழித்துப் பேசப்படும்' என்பதை எல்லோரும் சொல்லிக்கொள்ளலாம். அதை வைத்து எந்தக் கமிட்டி வேலை கொடுக்கும்?

இன்னொன்று. இரண்டு வருடம் போதாது என்றால் ஐந்து வருடக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் மேத்சைநெட் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 'எம்.சி.க்யூ.' என்று ஐந்து வருட அளவு கொடுக்கிறார்கள், கணித இதழ்களுக்கு மட்டும். சரி, அதைப் பாருங்கள். அளவே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

புதுவயல் போஸ்ட்டாக்:
நான் இந்தத் துறையிலேயே இருப்பவன், அதனால் சொல்கிறேன் அண்ணே. ஒரே இதழுக்குள்ளேயே தலைப்புக்குத் தலைப்பு மேற்கோள் பழக்கம் வேறு. வரைபடங்களின் (புள்ளிகளையும் கோடுகளையும் கொண்ட 'கிராஃப்') ஐகன் மதிப்பு பற்றி எழுதுகிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஒரு முறை கிடைத்தால் அதையே அடுத்த வகை வரைபடத்துக்குப் போட்டு ஆறு மாதத்தில் அடுத்த பேப்பர் எழுதலாம், மேற்கோளும் சீக்கிரம் வரும். ஷூபர்ட் பல்லுறுப்புக்கோவையில் ஒரு புது சூத்திரம் கண்டுபிடித்தால் அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தவே இரண்டு வருடம் ஆகும். பில்லி, ஜாகுஷ், ஸ்டான்லி மூவரும் 1993இல் இதே இதழில் எழுதிய பேப்பரை இன்றைக்கும் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். முதல் தொகுதியில் டெர்விலிகர் அறிமுகம் செய்த இயற்கணிதம் இப்போது அவர் பெயரிலேயே வழங்குகிறது.

போக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. பொருள்களின் ஜோடிகளை ஒழுங்கான வகைகளாகப் பிரிக்கும் அசோசியேஷன் ஸ்கீம் என்ற கருத்து ஆர்.சி.போஸிடமிருந்து வந்தது. 1973இல் டெல்சார்ட் அதைக் குறியீட்டுக் கோட்பாட்டோடு இணைத்தார். இந்த இதழ் தொடங்கியபோது அது ஒரு முக்கியக் கிளை, இப்போதும் இருக்கிறது. ஆனால் 2002இல் ஃபோமினும் ஸெலெவின்ஸ்கியும் கிளஸ்டர் அல்ஜீப்ரா என்ற புது இயற்கணித அமைப்பைக் கொண்டுவந்ததும் இளைஞர் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. அப்புறம் மேட்ராய்டுகளில் (சார்பின்மை என்ற கருத்தைப் பொதுமைப்படுத்தும் அமைப்புகள்) வடிவியலின் ஹாட்ஜ் கோட்பாடு. ஜூன் ஹூவுக்கு 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது அந்த வேலைக்கு. கூட்டம் போகும் பக்கம் எண் ஏறும். டேப்லோவும் அதோடு சேர்ந்த சமச்சீர் சார்புகளுமாக வேலை செய்யும் தங்கச்சியின் பேப்பருக்கு அந்த எண்ணால் என்ன தெரியும்?

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.சேஷாத்ரியும் லக்ஷ்மீபாயும் முசிலியும் வளர்த்த ஸ்டாண்டர்ட் மோனோமியல் தியரி டேப்லோவைப் பெரிய வடிவியலுக்குள் கொண்டுபோனது. அதன் தொடர்ச்சியாக லிட்டில்மன் பாதை மாதிரி 1994இல் வந்தது. சென்னை மேட்சயின்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) என்ற இடத்தில் சேவியர் வியன்னோ 2016 முதல் 2019 வரை எடுத்த வகுப்புகளின் வீடியோ எல்லாம் இலவசம். காரைக்குடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துத்தான் டேப்லோவுக்கு அடிப்படையான ஆர்.எஸ்.கே. (ராபின்சன்-ஷென்ஸ்டெட்-க்னூத்) முறையை நான் படித்தேன். இதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

கானாடுகாத்தான் நூலகர்:
இரண்டு இதழும் எப்படிப் பிரிந்தன என்பதை யாரும் சொல்லவில்லையே. 2017இல் பழைய இதழின் நான்கு தலைமை எடிட்டர்களும், எடிட்டோரியல் போர்டில் கிட்டத்தட்ட எல்லோரும் விலக முடிவு செய்தார்கள். சந்தா விலையும் பதிப்பகத்தின் கையில் இருந்த உரிமையும்தான் காரணம். பிரான்சின் கிரனோபிலில் உள்ள சென்டர் மெர்சென் வழியாகப் புது இதழைத் தொடங்கினார்கள். எழுதுகிறவருக்கும் கட்டணம் இல்லை, படிக்கிறவருக்கும் இல்லை, காப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். 2020இல் எல்ஸெவியரின் 'ஜர்னல் ஆஃப் காம்பினேட்டோரியல் தியரி, சீரீஸ் ஏ' எடிட்டர்களில் பெரும்பாலோர் இதே வழியில் போய் 'காம்பினேட்டோரியல் தியரி' தொடங்கினார்கள்.

பழைய இதழை ஸ்பிரிங்கர் வேறு எடிட்டர்களை வைத்து நடத்துகிறது. அதன் பழைய எண்ணும் வரலாறும் பெயரோடு அங்கேயே தங்கிவிட்டன. அந்த எண்ணைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வெளியே போய் வெறுங்கையோடு தொடங்கினார்கள். நூலகத்தில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. எண் இதழின் பெயர்ப் பலகையோடுதான் ஒட்டியிருக்கிறது, உழைத்தவர்களுக்கு இல்லை.

தேவகோட்டை லெக்சரர்:
ஆச்சி, அவர்கள் செய்தது பெரிய காரியம், மதிக்கிறேன். ஆனால் விலகியவர்கள் எல்லாம் நிரந்தர வேலையில் இருந்த பேராசிரியர்கள். அவர்கள் கொள்கைக்கு ஒரு பிஎச்.டி. மாணவி ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஸ்பிரிங்கர் இதழிலும் சந்தா வழியில் போட்டால் எழுதுகிறவருக்குக் கட்டணம் இல்லை. ஓப்பன் ஆக்சஸ் கேட்டால்தான் லட்சக்கணக்கில் பணம். படிப்பவர் கவலையும் குறைந்துவிட்டது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

கானாடுகாத்தான் நூலகர்:
அரசு நிறுவனங்களுக்குத்தான் தம்பி. நம் பக்கத்தில் எத்தனை சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே வேலை பார்ப்பவர்களும் ஆராய்ச்சி செய்கிறார்கள்தானே. தவிர, அந்த 6,000 கோடியும் நம் வரிப்பணம். எழுதுவதும் சம்பளம் வாங்காமல் ரெஃபரி பார்ப்பதும் கணிதக்காரர்கள், அதைத் திரும்பப் படிக்க அரசு பணம் கட்டுகிறது.

பள்ளத்தூர் ஐயா:
இலவச இதழ் என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. 'எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினேட்டரிக்ஸ்' 1994 முதல் இலவசம், துறையில் மதிப்பான இதழ். ராமச்சந்திராவும் பாலசுப்பிரமணியனும் 1978இல் தொடங்கிய ஹார்டி-ராமானுஜன் ஜர்னலும் அப்படித்தான்.

எண்ணை நம்பும் தம்பிக்கு இன்னொரு செய்தி. அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் 2023இல் கணிதத்தையே நீக்கியது. மேற்கோள் குறைவாக இருக்கும் சிறு துறை, கொஞ்சம் பேர் கூட்டுச் சேர்ந்து எண்ணை ஏற்றினாலே பட்டியல் குலைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். இம்பாக்ட் ஃபாக்டரைக் கணக்கிடும் நிறுவனமும் அதுதான். சிபாரிசு நாட்டாமைக்குப் பயந்து எண்ணிடம் போனோம். எண்ணுக்கும் இப்போது கூட்டணி வைக்கிறார்கள்.

தேவகோட்டை லெக்சரர்:
அது தனி ஆள்களின் பட்டியல், இதழ் அளவு வேறு. ஆனாலும் ஐயா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். எந்த இதழ்களை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். எந்த இதழை ஏற்பது என்று இனி நிறுவனங்களே தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் என் பயம் இருக்கிறது. துறை தெரியாதவர்கள் உட்காரும் கமிட்டியில் எண்ணையும் எடுத்துவிட்டால், காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் அச்சடிக்கும் இதழும் மெர்சென் இதழும் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டும் அவர்கள் கேள்விப்படாத பெயர்தானே!

புதுவயல் போஸ்ட்டாக்:
இந்தப் பயம் எனக்கும் உண்டு அண்ணே. அதற்குப் பதில், எடிட்டோரியல் போர்டைத் திறந்து பார்ப்பது. அதில் இருப்பவர்களின் பேப்பரைத் தங்கச்சி படித்திருந்தால் அது அவளுக்கான இதழ். துறை தெரியாத கமிட்டிக்கும் இதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க முடியும்.

குன்றக்குடி ஸ்காலர்:
எல்லோருக்கும் நன்றி. போஸ்ட்டாக் அண்ணன் சொன்னபடி இரண்டு போர்டையும் என் ரெஃபரன்ஸ் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். நான் மேற்கோள் காட்டும் பழைய பேப்பர்கள் பழைய இதழிலும், 2018க்குப் பிறகு வந்தவை அதிகமும் புது இதழிலும், பேப்பர்களை இலவசமாக ஏற்றும் ஆர்க்சைவ் தளத்திலும் இருக்கின்றன. புது இதழுக்கு அனுப்பவே மனம் போகிறது. கைடிடம் இன்னும் பேசவில்லை. 2022 யு.ஜி.சி. விதியில் பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயம் இல்லை என்றாலும் எங்கள் இடத்தில் இன்னும் கேட்கிறார்கள், அதுதான் தயக்கம்.

தேவகோட்டை லெக்சரர்:
நான் இப்போதும் பழைய இதழ்தான் உனக்குப் பாதுகாப்பு என்பேன். ஆனால் போவது என்று முடிவு செய்துவிட்டால் சரியாகப் போ. உங்கள் பல்கலைக்கழக விதி கேட்கும் இதழ்த் தரவுத்தளம் ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. இதழுக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐ வைத்து அந்தத் தளத்தில் நீயே தேடு, பெயரை வைத்துத் தேடாதே, இரண்டு பெயரும் குழப்பும். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள். பேப்பரை அனுப்பும் அன்றைக்கே ஆர்க்சைவில் ஏற்றிவிடு. இம்பாக்ட் ஃபாக்டர் கட்டத்தைக் காலியாக விடாமல் எம்.சி.க்யூ.வை எழுதி, அது ஐந்து வருடக் கணக்கு என்று பக்கத்திலேயே குறி. அரைப் பக்கக் குறிப்பை எழுதி எனக்கு அனுப்பு, கமிட்டி என்ன கேட்கும் என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.