கைமெரா எக்ஸில் ஹீமோகுளோபின்: இரண்டு வடிவங்களைப் பொருத்துவது எப்படி?

வணக்கம். ஆக்சிஜன் ஏறும்போது ஹீமோகுளோபின் எப்படித் திரும்புகிறது என்பதை வரும் வியாழக்கிழமை முதுகலை மாணவர்களுக்கு முப்பரிமாணத்தில் காட்ட வேண்டும். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம் என்பதால், மூலக்கூறு வடிவங்களைக் காட்டும் கைமெரா எக்ஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறேன்.

புரத வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையத் தரவகமான புரத வங்கியிலிருந்து ஆக்சிஜன் இல்லாத வடிவத்தை (பதிவு எண் 4எச்எச்பி) திறந்தால் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு புரதச் சங்கிலிகளும் அழகாக வருகின்றன. ஆக்சிஜன் ஏறிய 1எச்எச்ஓ-வில் இரண்டுதான். கோப்பு கெட்டுவிட்டதென்று மூன்று முறை இறக்கினேன்! அப்புறம்தான் புரிந்தது: அந்தப் படிகத்தில் மூலக்கூறின் ஒரு பாதிதான் கோப்பில் பதிவாகும் தனி அலகு, மறுபாதி அதையே சமச்சீர்படி திருப்பி வைத்தால் வருவது. 'சிம்' கட்டளை கொடுத்து முழுசாக்கிவிட்டேன்.

சிக்கல் இனிமேல்தான். வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் 'மேட்ச்மேக்கர்' கட்டளை ஒரே ஒரு சங்கிலியை வைத்து மொத்தத்தையும் பொருத்திவிடுகிறது. எனக்கு வேண்டியது வேறு. ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடியை மட்டும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எதிர் ஜோடி சுமார் 15 டிகிரி திரும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு சங்கிலிகளையும் சேர்த்துப் பொருத்த என்ன கட்டளை? அந்தக் கோணத்தை மென்பொருளே அளந்து சொல்லுமா?

இன்னொன்று: ஆய்வகக் கணினிகளில் 4 ஜிபி நினைவகம்தான், தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. மாணவர்கள் பிரவுசரிலேயே திருப்பிப் பார்க்க, அதற்குள்ளேயே ஓடும் ஜேஎஸ்மால் என்ற மூலக்கூறு காட்டி போதுமா? பைமால் என்ற இன்னொரு மூலக்கூறு மென்பொருளில் பழகியவர்கள் அதிலுள்ள வழியைச் சொன்னாலும் சரி, கற்றுக்கொள்கிறேன். கட்டளையை அப்படியே பின்னூட்டத்தில் போட்டால் பெரிய உதவி.