மறுமொழி: கோல்ட் ஸ்டார்ட் – குளிர்த் தொடக்கமா?

குழுவினருக்கு வணக்கம்.

> கோல்ட் ஸ்டார்ட் = குளிர்த் தொடக்கம்
> ஹார்ட் ஸ்டார்ட்டிங் = கடினத் தொடக்கம்
> க்ளோ பிளக் = ஒளிர்செருகி

பாய்மரப் படகு டீசல் எஞ்சின் கையேட்டைத் தமிழாக்குவதற்கான கலைச்சொல் பட்டியலில், குழுவில் முன்வைத்த இந்த மூன்றும் இப்படியே போகக் கூடாது என்பது என் கருத்து.

முதலில் குளிர். சித்திரை வெயில் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் எடுத்தாலும் அது கோல்ட் ஸ்டார்ட்தான். ஓடிய சூடு தணிந்து, இரும்பு சுற்றுப்புற வெப்பத்துக்கு இறங்கிவிட்டது என்பதுதான் செய்தி; பனிக்கும் மழைக்கும் இதில் வேலையில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுக்கு நாம் சொல்லும் 'ஆறிவிட்டது' இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு நண்பர் 'ஆறுநிலை' என்று சுருக்கியிருந்தார். படிப்பவர் ஆறு நிலைகளை எண்ணத் தொடங்கிவிடுவார். 'ஆறிய எஞ்சின் கிளப்பல்' நீளம்தான், ஆனால் குழப்பாது.

'கடினத் தொடக்கம்' வாழ்க்கை வரலாற்று நூலின் முதல் அத்தியாயத் தலைப்புப் போல இருக்கிறது. வண்டி திணறுகிறது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். 'கிளம்பத் திணறல்' போதும்.

இனி உண்மையான சிக்கல். 'ஸ்டார்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது. உருளைக்குள் (சிலிண்டருக்குள்) டீசல் பற்றுகிறது. எஞ்சின் தன் வலுவில் கிளம்புகிறது. 'தொடக்கம்' என்று ஒரே சொல்லால் மூடிவிட்டால் கோளாறைத் தேடவே முடியாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சுமார் 20 பங்குக் காற்றை 1 பங்காக அமுக்கும்போது எழும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருந்தால் உருளைச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பேட்டரி தளர்ந்து சுழற்சி மெதுவானால், அமுங்கும் காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசியவும், சூடு இழக்கவும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அதனால் 'சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை' என்று சொல்ல முடிகிற கையேடுதான் பயன்படும்.

அப்படிச் சொன்னதும் அடுத்த கேள்வி தானாக வரும்: புகைபோக்கியில் வெண்புகை வருகிறதா? வந்தால் டீசல் உருளைக்குள் போகிறது, எரியாமல் வெளியேறுகிறது. சூடோ அமுக்கமோ போதவில்லை. சுழலும்போது புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. வடிகட்டியையும், குழாயில் புகுந்த காற்றையும், நிறுத்தும் கைப்பிடி இழுத்தபடியே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

> 'எஞ்சின் பற்றிக்கொண்டது' என்று எழுதினால் படகே தீப்பிடித்தது என்று பொருளாகாதா?

ஆகும். ஆகவே பற்றுவது எப்போதும் டீசலாகவே இருக்கட்டும்; எஞ்சின் கிளம்பட்டும். 'பற்றாமை' என்ற பெயர்ச்சொல்லையும் தவிர்க்கலாம், அது பற்றாக்குறையை நினைவூட்டுகிறது.

இந்தப் பிரிப்பு வெறும் சொல்லழகுக்காக அன்று. படகு எஞ்சின்கள் பலவற்றில் கடல்நீர்ப் பம்பு எஞ்சினோடு சேர்ந்தே சுழலும். தண்ணீர் புகையோடு கலந்து சைலன்சர் வழியாக வெளியேறும். எஞ்சின் கிளம்பாமல் சுழன்றுகொண்டே இருந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அதைத் தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் புகை வெளியேறும் வால்வு வழியாக உருளைக்குள் ஏறிவிடலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளைந்துவிடலாம். கையேட்டில் 'தொடங்கும்போது கடல்நீர் வால்வைத் திறக்கவும்' என்று இருந்தால் எஞ்சினைக் கொல்வது மொழிபெயர்ப்பாளர்தான். 'நெடுநேரம் சுழற்ற நேர்ந்தால் கடல்நீர் வால்வை மூடுக. எஞ்சின் கிளம்பியதும் உடனே திறக்க' என்று எழுத வேண்டும். உடனே என்பது முக்கியம். பம்பின் ரப்பர்ச் சுழலி வறண்டு ஓடினால் விரைவில் கிழிந்துவிடும்.

மூன்றாவது, ஒளிர்செருகி: எஞ்சினைக் கிளப்பும் முன் உருளைக்குள் மின்சாரத்தால் சூடேற்றும் செருகி. சிலிண்டர் தலைக்குள் புதைந்திருக்கும் அது ஒளிர்வதை யார் பார்த்தார்கள்? நம் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்றுதான் சொல்கிறார்கள், வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட பெயர். தமிழில் வேண்டும் என்றால் 'கனல்செருகி' என்கிறேன். கனலில் சூடும் சிவப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

சூடுதான் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1980களின் அமெரிக்கப் படகான கேட்டலினா 30 பலவற்றில் யுனிவர்சல் எம்-25 எஞ்சின் இருக்கிறது. குபோட்டா டிராக்டர் எஞ்சினின் கடல்வடிவம், மூன்று கனல்செருகிகள். அவற்றுக்கான பொத்தான் மேல்தளத்தில். மின்சாரம் அதுவரை ஏறிப்போய்த் திரும்ப எஞ்சினுக்கு இறங்குகிறது. நீளக் கம்பியிலும் களிம்பு பிடித்த இணைப்புகளிலும் வோல்ட் கரைகிறது. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 9 கிடைத்தால் சூடு முக்கால் பங்காவது இருக்கும் என்று தோன்றும். மின்தடை மாறாது என்று கொண்டால், வோல்ட்டின் இருமடியை ஒட்டி அது 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. செருகி பழுதில்லை, ஆனால் கனலவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பியில் நேராக மின்சாரம் கொடுப்பதுதான் உரிமையாளர்கள் பலர் செய்யும் தீர்வு. இந்தப் பத்தியில் 'ஒளிர்செருகி ஒளிரவில்லை' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், பல்பு மாற்றச் சொல்வது போல இருக்கும்.

கிளம்பத் திணறும் எஞ்சினுக்குள் அடிக்கும், எளிதில் பற்றும் ஈதர் தெளிப்பான் பற்றிய எச்சரிக்கையிலும் இதே சொல் வரும்: கனல்செருகி உள்ள எஞ்சினில் ஈதர் அடிக்கக் கூடாது, நேரம் தவறி வெடித்துவிடும்.

மீதி இருப்பது டிகம்ப்ரஷன் லீவர். வால்வைத் திறந்தபடி பிடித்து, அமுக்கமில்லாமல் வேகமாகச் சுழலவிட்டு, பிறகு விடுவிக்கும் கைப்பிடி. 'அமுக்கநீக்கி' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. தோட்டத்து ஆயில் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பியவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். அந்தக் கைப்பிடிக்கு உங்கள் ஊரில் வழங்கிய பெயரை எழுதுங்கள். கிடைத்தால் புதுச்சொல்லைக் கைவிட்டு அதையே பட்டியலில் சேர்க்கலாம்.